‘திரு’வா ‘காலஞ்சென்ற’வா: நோர்பரி, மனோர் பார்க், சட்டன், ஒரு சனிக்கிழமை

வழக்கமாக இந்தப் பக்கத்தில் நான் எழுதுவது லண்டனில் இருந்து ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய இடங்களைப் பற்றி. எந்த றெயின், எந்தப் பஸ், எங்கே குடிக்கிற மாதிரித் தேத்தண்ணீர் கிடைக்கும், எங்கே கழிப்பறைக்குக் காசு பிடுங்குவார்கள் என்ற அளவில்தான் என் எழுத்து. இந்த முறை போனது லண்டனுக்குள்ளேயே. பார்க்கப் போனது இடங்களை அல்ல, இரண்டு ஆட்களை. எழுதலாமா விடலாமா என்று கனநாள் இழுத்தடித்தேன். பிறகு, இதே மாதிரிப் பயணத்தை எத்தனையோ குடும்பங்கள் செய்திருக்கும், இன்னும் செய்யப்போகும் என்று தோன்றியது. அவர்களுக்கு வழி தெரிந்திருப்பது நல்லது. படங்கள் ஒன்றும் போடவில்லை, எடுக்கவும் இல்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் அண்ணனின் மகள் துளசிக்கு வருகிற ஆவணியில் கல்யாணம். அழைப்பிதழைச் சென்னையில் அடிக்கக் கொடுத்திருந்தோம். இங்கே அடிப்பதை விட அங்கே அடித்துக் கூரியரில் எடுப்பது மலிவு, எழுத்துப் பிழையும் குறைவு. பெப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை அச்சகக்காரர் எனக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்தி போட்டார்.

“சார், மாப்பிள்ளை வீட்டு விவரமெல்லாம் கரெக்டா இருக்கு. பொண்ணோட அப்பா பேருக்கு முன்னாடி திரு போடணுமா, காலஞ்சென்ற போடணுமா? அத மட்டும் சொல்லிட்டீங்கன்னா திங்கக்கிழமை அச்சுக்குப் போயிடும்.”

அந்த மனிதரில் பிழை இல்லை. யாரும் ஒரு நொடியில் சொல்லக்கூடிய பதில் அது. எங்களிடம் பதினாறு வருஷத்துக்கு மேலாக அந்தப் பதில் இல்லை.

அண்ணன் வன்னியில் காணாமல் போனவர். அவருடைய மனைவி, என் மச்சாள், நோர்பரியில் எங்கள் வீட்டில் இருந்து இரண்டு தெரு தள்ளித் துளசியோடு இருக்கிறார். இத்தனை காலமும் அண்ணனுக்குத் திதி கொடுக்கவில்லை. யாராவது கேட்டால் “ஆளைக் காணேல்லை” என்பார், கடைக்குப் போனவர் திரும்பவில்லை என்பது போல. கல்யாணம் என்று வந்ததும் அந்தப் பதில் போதாமல் போய்விட்டது. கார்ட்டில் ஏதாவது ஒன்று போட்டுத்தான் ஆக வேண்டும். மணவறையில் தாரை வார்க்க யார் நிற்பது என்று ஐயரும் கேட்டுவிட்டார். தகப்பன் இல்லையென்றால் நானும் என் மனைவியும் நிற்க வேண்டும். தகப்பன் இருக்கிறார், ஆனால் எங்கே என்று தெரியாது என்றால் என்ன முறை என்பதை ஐயரும் படித்திருக்கவில்லை.

போன வருஷக் கடைசியில் ஒரு பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டில் மனோர் பார்க்கைச் சேர்ந்த புஷ்பா அக்கா என்பவர், மச்சாளின் போனில் அண்ணனின் படத்தைக் கண்டு, “இவரை நான் கடைசி நேரம் கண்டனான்” என்று சொல்லியிருந்தார். மச்சாள் அதற்கு மேல் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை, நம்பரை மட்டும் வாங்கி வைத்திருந்தார். அச்சகக்காரரின் செய்தியை நான் போட்டுக் காட்டிய பிறகுதான் அந்த நம்பரை எடுத்துத் தந்தார்.

“தம்பி, ஒருக்கா நேர போய்க் கேட்டுக்கொண்டு வாங்கோ. அவை என்ன சொல்லினமோ அதைப் போடுவம்.”

“நீங்களும் வாங்கோவன் மச்சாள்.”

“நான் வந்தால் உண்மை சொல்லமாட்டினம். என்ர முகத்தைப் பாத்துப்போட்டு நல்லதாச் சொல்லி அனுப்பிப்போடுவினம்.”

பயணம் தொடங்க முன்பு, அண்ணன் இருந்த நாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாடு என்றுதான் சொல்வேன், கோபிக்கிறவர்கள் கோபிக்கட்டும். உலக வரைபடத்தில் இருக்கவில்லை. ஆனால் எல்லையில் இறங்கி, வரிசையில் நின்று, பையைத் திறந்து காட்டி, கொண்டுபோன சாமானுக்கு வரி கட்டித்தான் உள்ளே போகலாம். சமாதான காலத்தில் நான் ஒரே ஒரு தடவை போனேன். உள்ளே நீதிமன்றம் இருந்தது, வங்கி இருந்தது, பொலிஸ் இருந்தது. நான் போன வானை மறித்து வேகத்துக்குத் தண்டம் எழுதினார்கள். சாரதி கையில் ஏதோ வைத்து நீட்டப் பார்த்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். நேரமும் வேறு. கொழும்பு தன் மணிக்கூட்டை முன்னே தள்ளியபோது வன்னியை ஆண்ட இயக்கம் அதைத் தன் பகுதியில் ஏற்கவில்லை. அதனால் எல்லையைத் தாண்டியதும் கைக்கடிகாரத்தை அரை மணி நேரம் பின்னே வைக்க வேண்டும். பயணிக்கு அது வேடிக்கை. அங்கே இருந்தவர்களுக்கு வாழ்க்கை.

அண்ணன் அங்கே பிரதேச செயலகத்தில் கிளாக்கர். இதை வெளியார் நம்பமாட்டார்கள்: யுத்தம் நடந்த அவ்வளவு காலமும் அந்தக் கந்தோர்களுக்குச் சம்பளம் கொழும்பில் இருந்துதான் வந்தது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, நிவாரணம் எல்லாம் அரசாங்கத்தின் பேரில், இயக்கத்தின் கண்ணுக்குக் கீழே நடந்தன. ஒருவன் சம்பளம் தருவான், மற்றவன் கட்டளை தருவான், நடுவில் அண்ணன் மாதிரி ஆட்கள் கோப்புத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். சண்டை இறுகியபோது எத்தனை சனம் உள்ளே இருக்கிறது என்று கணக்கெடுத்துக் கொழும்புக்கு அனுப்பியதும் அவர்கள்தான். அந்தக் கணக்கைக் கொழும்பு ஏற்கவில்லை. வந்த சாமான் இருந்த சனத்துக்குப் போதவில்லை. அண்ணனுக்கு மட்டும் ஒரு நம்பிக்கை இருந்தது, இரண்டு பக்கத்துக்கும் ஒழுங்காக நடந்தால் இரண்டு பக்கமும் தன்னை ஒன்றும் செய்யாது என்று. எனக்கு அந்த நம்பிக்கையை நினைக்க இப்போதும் ஆத்திரம் வருகிறது.

அந்த நாட்டை விட்டு வெளியே வருவதற்குப் பாஸ் வேண்டும். பாஸ் தருவதென்றால் ஒருவர் பிணையாக உள்ளே இருக்க வேண்டும். ஐந்து வயதில் துளசிக்கு இருதயத்தில் பிரச்சினை என்று கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டி வந்தது. மச்சாளும் பிள்ளையும் வந்தார்கள், அண்ணன் பிணை நின்றார். பிறகு பாதை பூட்டுப்பட்டது. மச்சாளும் பிள்ளையும் லண்டன் வந்து சேர, அங்கே கிளிநொச்சி ஆமியிடம் போய்விட்டது. கடைசியாக அண்ணன் போனில் கதைத்தது தருமபுரத்தில் இருந்து. பிள்ளைக்கு மருந்து ஒழுங்காகக் கொடுக்கிறீர்களா என்று கேட்டார். கொடுக்கிறோம் என்றோம். லைன் விட்டுவிட்டது.

இனிப் பயணம். நோர்பரியில் இருந்து மனோர் பார்க் நேர்கோட்டில் ஏறக்குறைய பன்னிரண்டு மைல். சனிக்கிழமை காலை எட்டேகாலுக்கு விக்டோரியா போகும் றெயினில் ஏறினேன், இருபது நிமிடம். விக்டோரியாவில் சேர்க்கிள் லைன் பிடித்து லிவர்பூல் ஸ்ட்ரீட், அங்கே எலிசபெத் லைனுக்கு மாறினால் மனோர் பார்க் கால் மணி நேரம். எல்லாமாக ஒன்றேகால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வார இறுதியில் தண்டவாளத் திருத்தம் என்று வண்டியை நிறுத்துவார்கள், முதல் நாளே பார்த்துவிடுங்கள். ஸ்டேஷனில் இருந்து சேர்ச் றோட் முருகன் கோயில் பக்கம் பதினைந்து நிமிட நடை. புஷ்பா அக்காவின் வீடு அதற்குக் கிட்ட, ஒட்டு வீடுகள் நிறைந்த தெருவில். தூறிக்கொண்டிருந்தது. நான் ஒரு பெட்டி கேக் வாங்கிக்கொண்டு போனேன். வாங்கியிருக்கக் கூடாது. அந்தக் கேக்கை மேசையில் வைத்துக்கொண்டு இந்தக் கதையைக் கேட்பது பெரிய வெட்கம்.

புஷ்பா அக்காவுக்கு அறுபது வயது இருக்கும். விடிய ஐந்து மணிக்குக் கந்தோர் துடைக்கும் ஷிப்ட் முடித்து வந்து, குளித்து, எனக்காகக் காத்திருந்தார். நான் பெரிய விசாரணை அதிகாரி மாதிரித் தொடங்கினேன்.

“அக்கா, நீங்கள் அண்ணையைக் கடைசியாக் கண்டது எத்தனையாம் திகதி?”

“திகதி ஆருக்குத் தெரியும் தம்பி? வலைஞர்மடத்தில இருக்கேக்க.”

“அது எந்த மாசம்?”

“மாத்தளன் விட்டாப் பிறகு. முள்ளிவாய்க்காலுக்கு முதல்.”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர்களிடம் கலண்டர் இருக்கவில்லை. இடம் மாறி இடம் ஓடியதுதான் கலண்டர். தருமபுரம், விசுவமடு, இரணைப்பாலை, மாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால். எங்கே என்று சொன்னால் எப்போது என்று சொன்னதாகத்தான் கணக்கு. ஒவ்வொரு பெயருக்கும் இடம் சுருங்கிக்கொண்டு போனது, சனம் சுருங்கவில்லை. கடைசியில் ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் உப்புநீர்க் களப்பு, நடுவில் மணல். நாங்கள் அந்த நேரம் இங்கே பாராளுமன்றத்துக்கு முன்னால் கொடி பிடித்துக்கொண்டு நின்றோம். நானும் நின்றேன். பஸ்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போயின.

“உங்கட அண்ணை கஞ்சி வரிசையைப் பாத்தவர்” என்றார் புஷ்பா அக்கா. “குழந்தைப்பிள்ளைக்காரர் முன்னுக்கு, மற்ற ஆக்கள் பின்னுக்கு எண்டு பிரிச்சு விடுவார். அந்த நிலைமையிலும் ஆளுக்கு வரிசை பிசகக் கூடாது. எனக்குச் சிரிப்பும் வரும், கோவமும் வரும். ஒரு நாள் அந்த வரிசையில ஷெல் விழுந்தது. நான் என்ர மகனை இழுத்துக்கொண்டு பங்கருக்குள்ள போயிட்டன். பிறகு அவரைக் காணேல்லை.”

“உடம்பைக் கண்டனிங்களோ?”

“இல்லை. ஆர் நிண்டு பாத்தது? எல்லாரையும் சேர்த்துத்தான் மூடினது. ஆனா அண்டைக்குப் பிறகு வரிசையைப் பாக்க அவர் வரேல்லை. உயிரோட இருந்திருந்தால் அவர் வந்திருப்பார்.”

நான் அதை ஒப்புக்கொண்டேன். அண்ணன் உயிரோடு இருந்திருந்தால் நிச்சயம் வரிசைக்கு வந்திருப்பார். எனக்கு அந்த நேரம் வந்தது துக்கம் இல்லை, ஆறுதல். போய்விட்டார், ஷெல்லில் போய்விட்டார், நொடியில் போயிருப்பார் என்று நினைத்தேன். தேத்தண்ணீரைக் குடித்து முடித்தேன். கேக்கிலும் ஒரு துண்டு சாப்பிட்டேன். புறப்படும்போது வாசலில் வைத்துப் புஷ்பா அக்கா சொன்னார்:

“சட்டனில குகன் எண்டு ஒரு பெடியன் இருக்கிறான். உங்கட அண்ணையோட ஒரே தறப்பாள் கூடாரத்துக்குள்ள இருந்தவன். எனக்குத் தெரியாதது அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். ஆனா இந்தக் கதை எடுத்தால் எழும்பிப் போயிடுவான்.”

ஸ்டேஷன் மேடையில் நின்றுகொண்டு அச்சகக்காரருக்குக் ‘காலஞ்சென்ற’ என்று தட்டினேன். அனுப்பவில்லை. மச்சாள் என்னை அனுப்பியது உண்மையைக் கேட்டு வர. பாதி வழியில் எனக்கு வசதியான இடத்தில் இறங்கிவிட முடியாது. குகனுக்குப் போன் எடுத்தேன். பெயரைச் சொன்னேன், அண்ணனின் பெயரையும் சொன்னேன். வீட்டில் யாரிடமோ ஏதோ விசாரித்தார். பிறகு, “வாங்கோ. ரெண்டு மணிக்குப் பிறகு வாங்கோ. பிள்ளையள் தமிழ்ப் பள்ளிக்கூடம் போயிடுவினம்” என்றார்.

மனோர் பார்க்கில் இருந்து சட்டன் பதினாறு மைலுக்கு மேல். பயப்பட வேண்டாம், ஒரே ஒரு மாற்றம்தான். எலிசபெத் லைனில் பரிங்டனில் இறங்கினால், அதே ஸ்டேஷனில் இருந்து சட்டனுக்கு நேர் வண்டி இருக்கிறது. அரை மணிக்கு ஒன்று வரும். விம்பிள்டன் வழியாகவும் ஓடும், மிட்சம் என்ற ஊர் வழியாகவும் ஓடும், மிட்சம் வழி கொஞ்சம் விரைவு. ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பரிங்டனில் மேலே ஏறி ஏதாவது சாப்பிடுங்கள். நான் சாப்பிடவில்லை, சாப்பிட்டிருக்க வேண்டும்.

சட்டனில் மழை பிடித்துவிட்டது. குகனின் வீடு ஏற்றத்தில். நடந்தால் அரை மணி என்பதால் மினிகாப் எடுத்தேன், எட்டு பவுண். சாரதி நம்மவர். கண்ணாடியில் என்னைப் பார்த்ததும் வழக்கமான கேள்வி வந்தது.

“அண்ணை ஊரில எவடம்?”

“சாவகச்சேரி. என்ர அண்ணை வேலையில வன்னியில இருந்தவர்.”

“இப்ப உங்கட அண்ணை எங்க?”

“அதைக் கேக்கத்தான் போய்க்கொண்டு இருக்கிறன்.”

அவர் ரேடியோவை நிற்பாட்டினார். கதவைத் திறக்கும்போது, “என்ர தம்பியும் அப்பிடித்தான் அண்ணை” என்று மட்டும் சொன்னார். நான் அவருடைய தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

குகனுக்கு இப்போது நாற்பது. அப்போது இருபத்துமூன்று, இருபத்துநான்கு இருக்கும். சுப்பர்மார்க்கெட்டில் சாமான் அடுக்கும் வேலை. மனைவி தேத்தண்ணீர் போட எழும்ப, வேண்டாம் என்று சொல்லி என்னைப் பின்பக்கக் கண்ணாடி அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கூரையில் மழை விழுகிற சத்தத்தில் அவர் சொன்னதைக் கேட்க நான் கிட்டக் குனிய வேண்டி இருந்தது. புஷ்பா அக்கா சொன்னதை முதலில் சொன்னேன்.

“ஷெல் விழுந்தது உண்மை” என்றார். “சேருக்கு ஒண்டும் நடக்கேல்லை. காதில மட்டும் கொஞ்சம் ரத்தம். அண்டைக்கு இரவே நாங்கள் முள்ளிவாய்க்கால் பக்கம் போயிட்டம். அதுதான் அக்கா காணேல்லை.”

அண்ணனை அவர் கடைசி வரை சேர் என்றுதான் சொன்னார். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லிக்கொண்டே போனார்.

“சேரும் நானும் வட்டுவாகல் பாலத்தை ஒண்டாத்தான் கடந்தனாங்கள். அந்த நாள் எனக்கு வடிவாத் தெரியும், அதுக்குப் பிறகு கடக்கிறதுக்கு இடமும் இல்லை, நாளும் இல்லை. அண்டைக்கே ஓமந்தை, ஆமியின்ர சோதனைச்சாவடி. அங்க ஸ்பீக்கரில சொல்லினம், இயக்கத்தில ஒரு நாள் எண்டாலும் இருந்த ஆக்கள் இஞ்சால வந்து பதியுங்கோ, பதிஞ்சால் விசாரிச்சுப்போட்டு விட்டுடுவம், பதியாமல் பிறகு பிடிபட்டால் வேற மாதிரி எண்டு. நான் இருந்தனான், அண்ணை. கட்டாயத்தில பிடிச்சுக்கொண்டு போனவை, ஏழு மாசம் இருந்தனான். நான் போய்ப் பதியேல்லை. சேர் இயக்கத்தில இருக்கேல்லை. சேர் பதியப் போனவர்.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. அண்ணன் எந்தக் காலத்திலும் இயக்கத்தில் இருந்தவர் இல்லை. அதைத்தான் கேட்டேன்.

“கந்தோர் ஆக்களுக்குக் கட்டாயப் பயிற்சி எண்டு குடுத்ததெல்லோ, பொல்லுத் தடியை வைச்சுக்கொண்டு ஓடுற பயிற்சி. அது ரெண்டு கிழமை. அதைச் சொல்லத்தான் வேணும் எண்டு நிண்டார். ‘ஒரு நாள் எண்டாலும் எண்டு சொல்லுறாங்கள் தம்பி, எனக்கு ரெண்டு கிழமை இருக்கு. நான் கவுண்மேந்து உத்தியோகத்தன், மறைச்சுப்போட்டுப் பிறகு தெரிய வந்தால் வேலை போயிடும். என்ர பேர் கொழும்பில இருக்கு, விசாரிச்சால் தெரியும்’ எண்டார்.”

“நீர் மறிக்கேல்லையோ?”

“மறிச்சால், நீ ஏன் மறிக்கிறாய் எண்டு என்னைப் பாப்பாங்கள். பயந்தனான்.” பிறகு சொன்னார்: “போகேக்க என்னட்டச் சொன்னவர், கந்தோர் ஆக்களை முகாமில கண்டால், சேர் வேலைக்கு வர ரெண்டு நாள் பிந்தும் எண்டு சொல்லு எண்டு.”

கந்தோர் எரிந்து மாதக்கணக்காகி இருந்தது. வேலை இல்லை, மேசை இல்லை, அந்த ஊரே இல்லை. இந்த மனிதர் லீவு சொல்லி அனுப்பியிருக்கிறார். எனக்கு அழுகை வரவில்லை. அந்த இடத்தில் அண்ணன் நின்றிருந்தால் பிடித்து உலுப்பியிருப்பேன். இரண்டு அரசாங்கங்களுக்கு நடுவில் அத்தனை வருஷம் இருந்தும், ஒன்றாவது அவருக்குப் புத்தி படிப்பிக்கவில்லை.

“பஸ்ஸில ஏத்தினவை” என்றார் குகன். “ஊரில ஓடுற சாதாரணச் சிவப்பு பஸ். ஜன்னல் பக்கம் இருந்தவர். என்னைப் பாக்கேல்லை. முன்னுக்குப் பாத்துக்கொண்டு இருந்தவர்.”

அந்தப் பஸ்ஸில் போன யாராவது திரும்பி வந்ததாகத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்று தலையை ஆட்டினார். வேறு பஸ்களில் போன சிலர் தடுப்பு முகாமுக்குப் போய், இரண்டு மூன்று வருஷத்தில் வெளியே வந்தார்கள். அந்தப் பஸ்ஸில் போன ஒருவரையும் பிறகு அவர் காணவில்லை. வாசல் வரை வந்தவர், “நீங்கள் என்னைப் பேசலாம்” என்றார். திட்டுங்கோ என்கிறார். பொய் சொன்னவர் வீடும் பிள்ளைகளுமாக இருக்கிறார், உண்மை சொன்னவரைக் காணவில்லை. இதில் யாரைப் பேசுவது.

திரும்பி வர றெயின் எடுக்கவில்லை. நாலேகாலுக்குச் சட்டனில் 407 எடுத்துக் குரொய்டன், அங்கே 109 மாறி நோர்பரி. முதல் பஸ்ஸில் ஏறி ஒரு மணி நேரத்துக்குள் அடுத்ததில் ஏறிவிட்டால் ஒரே கட்டணம், ஒரு பவுண் எழுபத்தைந்து. நான் மேல்தட்டில் முன் ஆசனத்தில் இருந்தேன். வழி முழுக்க ஒரே யோசனை, மனோர் பார்க் கதையை மட்டும் சொன்னால் என்ன. ஷெல், கஞ்சி வரிசை, நொடியில் முடிந்தது. மச்சாள் அழுவார், கார்ட் அச்சுக்குப் போகும், கல்யாணம் நடக்கும். அவர் ஏன் தான் வராமல் என்னை அனுப்பினார் என்பது அப்போதுதான் முழுதாக உறைத்தது. அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வேண்டிய ஆள் இனி நான்தான்.

சொன்னேன். குசினி மேசையில் மச்சாளும் துளசியும் இருந்தார்கள். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. துளசி சோபாக் குஷனை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டு கேட்டாள். மச்சாள் நடுவில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“ஆரும் இழுத்துக்கொண்டு போகேல்லையோ? தானாத்தான் போனவரோ?”

“ஓம் மச்சாள். தானாத்தான்.”

“அது அவர்தான்” என்றார். “இந்தக் குகன் பொய் சொல்லேல்லை.”

பிறகு எழுந்து அடுப்பில் இருந்த பானையை இறக்கி வைத்தார். திரும்பி வந்து இருந்தார்.

“காலஞ்சென்ற எண்டு போடச் சொல்லுங்கோ, தம்பி.”

துளசி நிமிர்ந்தாள். “வாட்? அம்மா, சித்தப்பா இப்பதானே சொன்னவர், ஹி வாஸ் அலைவ். ஷெல்லில சாகேல்லை. நடந்து போயிருக்கிறார். நீங்க எப்பிடி இப்ப போய்…”

“அதுதான் பிள்ளை” என்றார் மச்சாள். குரல் உயரவில்லை. “ஷெல்லில எண்டால் நான் நம்பியிருக்கமாட்டன். உடம்பு காணேல்லை, எங்கையோ இருக்கிறார் எண்டு இன்னும் இருந்திருப்பன். இவ்வளவு நாளும் எங்கையோ எண்டுதான் நினைச்சனான், எங்க எண்டு நினைக்கேல்லை. இப்ப எங்க எண்டு தெரிஞ்சிட்டுது. அந்த இடத்தில அப்பா பதினாறு வருஷம் இருந்திருக்கிறார் எண்டு நினைக்க எனக்கு ஏலாது. அண்டைக்கே முடிஞ்சிருக்க வேணும். அப்பிடித்தான் நான் வைச்சுக்கொள்ளப் போறன்.”

துளசி எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். நான் அச்சகக்காரருக்கு, காலையில் தட்டி வைத்திருந்த அதே சொல்லை அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் “ஓகே சார், ரொம்ப நன்றி” என்று பதில் வந்தது.

இனி, போகப்போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். போனில் கேட்காதீர்கள், நேரே போங்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், கேக் வாங்காதீர்கள். ‘எப்ப’ என்று கேட்காமல் ‘எங்க’ என்று கேளுங்கள், நாள் தானாக வரும். ஒருவர் சொன்னதோடு நிற்காதீர்கள் என்று எழுதத்தான் நினைத்தேன், இப்போது எனக்கே அதில் நிச்சயம் இல்லை. புஷ்பா அக்காவோடு நின்றிருந்தால் இப்படி ஒரு பதில் எங்கள் வீட்டுக்கு வந்திருக்காது. சொன்னவர்களைக் கோபிக்காதீர்கள், அவர்களும் அங்கே இருந்தவர்கள்தான். முழு நாளுக்கும் றெயின், பஸ் என்று வங்கி அட்டையில் கழிந்தது பன்னிரண்டு பவுணுக்குச் சற்றுக் கூட, மினிகாப் தனி. காலை எட்டேகாலுக்கு வெளிக்கிட்டால் பின்னேரம் ஐந்தரைக்குள் வீடு திரும்பலாம். திரும்பி வரும்போது யாராவது கூட இருப்பது நல்லது.

திதிக்குப் பதிவதென்றால் கோயிலுக்குக் கிழமை நாளில் காலையில் போங்கள், சனி ஞாயிறில் ஐயரோடு ஆறுதலாகக் கதைக்க முடியாது. நான் ஒரு செவ்வாய்க்கிழமை போனேன். ஐயர் அண்ணனின் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டு எழுதினார். பிறகு, பஞ்சாங்கம் பார்க்க வேண்டும், இறந்த நாள் எது என்று கேட்டார். ஓமந்தையில் பஸ்ஸில் ஏற்றியதாகக் குகன் சொன்ன நாளைச் சொன்னேன். அண்ணனை உயிரோடு கடைசியாகக் கண்ட நாள் அதுதான்.